பொய்ச் சண்டையும் பெரியண்ணன் போட்டோவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு பேரும் நம்ம பேட்டைக்காரர்கள்தான். இரண்டு பேர் என் வயது, இரண்டு பேர் என் பிள்ளை வயது. காபி குடித்து முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். பழைய குத்துச்சண்டை வீரர்கள் நினைவாக ஒரு பந்தயம் நடத்தப் போகிறார்களாம். 'பழைய மாதிரி, ரோஷமான குத்துச்சண்டை.' பேனரில் ஏழெட்டு பழைய வீரர்களின் படம் போடுகிறார்கள், அதில் என் பெரியண்ணன் படமும் வரவேண்டும். என்னிடம் இருக்கும் ஒரே நல்ல போட்டோவைக் கொடுக்க வேண்டும், நான் மேடையில் உட்கார வேண்டும், முடிந்தால் 5,000 ரூபாய் நன்கொடை.

நான் ஒன்றுதான் கேட்டேன். "டாக்டர் யாரு வர்றாங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டாக்டரா? ரோஷமான சண்டைக்கு இன்னாத்துக்கு அண்ணே டாக்டரு" என்று சிரித்தார் ஒருவர். சிரித்துக்கொண்டே திரும்பியவர் கண்ணில் எங்கள் வீட்டு டிவி பட்டது. அதில் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் ஒருவர் கையை ஒருவர் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பேரன் அவசரத்தில் சத்தத்தை மட்டும் குறைத்திருந்தான், படத்தை நிறுத்தவில்லை. அவர் சொன்னார்: "இன்னா அண்ணே, அவரு தம்பியா இருந்துக்கினு, இந்த டம்மி சண்டையப் பாத்துக்கினு கீறீங்க?"

திருவொற்றியூரில் ஒரு சேதி பரவ வாட்ஸப் தேவையில்லை. மறுநாள் கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சி முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது என் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "எழுபது வயசுல பொய்ச் சண்டை பாக்குறியாமே" என்று ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் ஓட்டினார்கள். பேசி எனக்கு ஜெயிக்கத் தெரியாது, அவர்கள் குரல் பெரிசு. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த 'டம்மி' என்ற வார்த்தையை நானும் சொன்னவன்தான். கேபிள் டிவி வந்த புதிதில் என் மகன் ஹல்க் ஹோகன், அண்டர்டேக்கர் என்று பைத்தியமாக இருந்தான். சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகள் விற்பார்களே, அதில் உயரம், எடை, மார்பளவு எல்லாம் போட்டிருக்கும், அதை வைத்துத் தெருவில் பந்தயம் கட்டுவார்கள். ஒரு நாள் கட்டில்மேல் ஏறி நின்று தங்கச்சி மேல் குதித்துவிட்டான். நான் வேலை முடிந்து வந்த களைப்பில் ஓங்கி ஓர் அறை விட்டேன். "எல்லாம் செட்டப்புடா, இது தெரியாதா உனக்கு" என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டே சொன்னான்: "தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் பாக்குறேன்." அந்தப் பதிலை யோசிக்க எனக்கு 25 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்போது அவன் பிள்ளை, கல்லூரியில் படிக்கிறான். முழங்கால் வலியில் நான் பத்து நாள் வீட்டோடு கிடந்தபோது, "தாத்தா, ஒண்ணு காட்டுறேன். பிடிக்கலன்னா நிறுத்திடுறேன்" என்று போனிலிருந்து டிவிக்குப் போட்டுவிட்டான். அமெரிக்கக்காரன் காட்டும் வாணவேடிக்கை, புகை, பாட்டு எதுவும் இல்லை. லண்டனில் நம்ம ஊர் சின்னக் கல்யாண மண்டபம் அளவுக்கு ஓர் இடம். நாற்காலிகள் கோதாவை ஒட்டியே கிடக்கின்றன. முதல் வரிசைக்காரன் கையை நீட்டினால் கயிறைத் தொடலாம். பெரிய கம்பெனி யாரும் பின்னால் இல்லாமல் சின்னச் சின்னக் குழுக்கள் தாங்களாகவே டிக்கெட் விற்று நடத்துகிறார்களாம், 'இண்டி' என்கிறான் பேரன். அப்படி ஒரு குழு 2012இல் பாட்டுக் கச்சேரி நடக்கும் சின்ன அரங்கில் ஆரம்பித்து, 2018இல் வெம்ப்ளி அரினா வரைக்கும் போனதாம். அதெல்லாம் அவன் கணக்கு. நான் பார்த்தது வேறு.

நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் 33 வருடம் ஃபிட்டராகவும் சூப்பர்வைசராகவும் இருந்தவன். எனக்கு எதைப் பார்த்தாலும் பாகம் எப்படிப் பொருந்துகிறது என்றுதான் கண் போகும். ஓர் ஒல்லிப் பையன், ஒரு தடியன். தடியன் ஒல்லியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகுகிறான். ஒல்லி வலியில் முகம் சுளிக்கிறான், பிறகு உடம்பை முன்பக்கம் உருட்டி, கையை அதே திசையில் ஒரு சுற்று சுற்றி, எழும்போது பிடி இவன் கையில் இருக்கிறது! கழுத்து, முழங்கை, கணுக்கால் என்று மூட்டு மூட்டாகப் பூட்டுவதும் கழற்றுவதுமாகப் பத்து நிமிடம். ஒருவன் மற்றவனைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போடுகிறான். பேரனிடம் "நிறுத்து, திரும்பப் போடு" என்றேன். நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். தூக்குகிறவன் மட்டும் தூக்கவில்லை, தூக்கப்படுகிறவனும் எம்புகிறான். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுகிறான். தூக்கியவனுடைய ஒரு கை கடைசி வரைக்கும் அவன் தலைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறது.

துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே இருந்து மூட்டையை உருட்டுகிறவனும் கீழே முதுகைக் கொடுத்து வாங்குகிறவனும் எப்படி ஒத்துப்போக வேண்டும்? ஒரு மூச்சு முன்னே பின்னே ஆனால் வாங்குகிறவன் இடுப்பு போயிற்று. எங்கள் வொர்க்‌ஷாப்பில் ஒரு நூல் பிசகினால் பேரிங் சூடேறும். இங்கே ஒரு நூல் பிசகினால் கழுத்து. 'பொய்ச் சண்டை' என்கிறவர்களில் ஒருவராவது, தடியன் தலைக்கு மேலிருந்து ஒரே ஒரு தடவை விழுந்து காட்டட்டும். கட்டில்மேலிருந்துகூட வேண்டாம், திண்ணையிலிருந்து.

அதன் பிறகு நானே தேட ஆரம்பித்தேன். பிரிட்டனில் முப்பதுகளில் இந்த மல்யுத்தம் மட்டுமீறிப் போய், லண்டன் நகர சபையே அதைத் தடை செய்திருக்கிறது. போருக்குப் பிறகு 1947இல் மவுண்டெவன்ஸ் பிரபு என்ற கடற்படை அட்மிரல் பெயரில் விதிகள் எழுதினார்கள். எடைப் பிரிவு உண்டு, ரவுண்டு உண்டு. இரண்டு முறை எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தினால் அல்லது விட்டுக்கொடுக்க வைத்தால் வெற்றி. கீழே கிடப்பவனை அடித்தால் ரெஃப்ரி எல்லோர் முன்பும் எச்சரிப்பார், மூன்றாவது தடவை வெளியே அனுப்பிவிடுவார். 1955 முதல் 1988 வரை அவர்கள் டிவியில் ஓடியது. சனிக்கிழமை மாலை நான்கு மணி ஆனால் பாட்டிமார்கள்கூடப் பின்னலூசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்களாம்.

அந்தக் காலத்து ஜானி செயின்ட் என்று ஒருவர். நம்ம ஊர் நாட்டு வைத்தியர் மாதிரி ஒல்லி உடம்பு. கோதாவின் நடுவில் தலையையும் முழங்காலையும் கட்டிக்கொண்டு பந்து மாதிரி உருண்டுகொள்கிறார். எதிராளி சுற்றிச் சுற்றி வருகிறான், எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. பந்துக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளுகிறது, கைகுலுக்கக் கூப்பிடுகிற மாதிரி. பிடித்தான், அவ்வளவுதான், அவன் மல்லாந்து கிடக்கிறான். நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

இன்றைக்கு அந்த வழியில் பேர்போனவர் ஜாக் சேபர் ஜூனியர். ஆள் ஒடிசல். 2024இல் ஜப்பானுக்கே போய் அவர்களுடைய பெரிய பட்டத்தை வாங்கியிருக்கிறார். அவருடைய ஊர் ஷெப்பி தீவு. தேம்ஸ் நதி கடலில் சேருமிடத்தில் இருக்கிறது, கடற்படைக் கப்பல் தளம் இருந்து 1960இல் மூடிவிட்டார்கள், இரும்பாலை இருந்தது, அதுவும் போயிற்று. அதைப் படித்ததும் நம்ம பேட்டைப் பையன் என்று தோன்றிவிட்டது. சங்கு நின்றுபோன ஊரின் பிள்ளைகள் எங்கே போனாலும் அடையாளம் தெரியும்.

சரி, 'பொய்' என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

பொய் என்றால் யாராவது ஏமாந்திருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர் யார்? முடிவு முன்பே பேசிவைத்தது என்பது அந்த மண்டபத்தில் நாற்காலி போடுகிறவனுக்கும் தெரியும். அமெரிக்கப் பெரிய கம்பெனியே 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று தன் வாயால் சொல்லிவிட்டது. சொல்லி 35 வருடத்துக்கு மேல் ஆகிறது. நாம் இன்னும் ஏதோ துப்பறிந்து கண்டுபிடித்த மாதிரி "செட்டப்பு தெரியுமா" என்று கண்ணடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் நைனா கிங்காங் – தாராசிங் பந்தயத்தைப் பார்த்தவர். கிங்காங் ஏறக்குறைய 200 கிலோ, தாராசிங் 130 கிலோ. அந்த மலையைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கிக் கோதாவுக்கு வெளியே போட்ட கதையை நைனா சொல்லும்போது, அவரே எழுந்து நின்று தலையணையைத் தூக்கிக் காட்டுவார். கடைசிக் காலம் வரைக்கும் சொன்னார். "நைனா, அது பேசிவெச்ச சண்டையாம்" என்று நான் ஒரு தடவை மேதாவித்தனமாகச் சொன்னேன். நைனா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிங்காங்க பேசி வெச்சாவது தூக்குடா பாக்கலாம்" என்றார். அந்தக் கிங்காங் 1970இல் கார் விபத்தில் காயப்பட்டு சிங்கப்பூரில் இறந்தார். அந்தத் தாராசிங்தான் 1987இல் டிவி ராமாயணத்தில் அனுமார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி பெட்டிக்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டினோமே, மறந்துவிட்டதா? வால் பஞ்சு, மலை அட்டை என்று தெரிந்துதானே கும்பிட்டோம்? அப்போது யாரும் எழுந்து "டம்மி" என்று சொல்லவில்லையே!

திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் கூத்து பார்த்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். பதினெட்டாம் போர், படுகளம். துரியோதனன் தொடையில் அடி விழும்போது கிழவிகள் விம்முவார்கள். துரியோதனன் வேஷம் கட்டியவர் விடிந்ததும் அதே தெருவில் பீடி பற்றவைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார் என்பது அவர்களுக்குத் தெரியாதா? வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்த்து வளர்ந்த ஊர் இது. நடிப்பைப் பொய் என்று திட்டுவது நமக்கே பொருந்தாது.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நால்வருக்கும் இந்த ஆசை வந்தது எப்போது? 2021இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு. நல்ல படம், நானும் பார்த்தேன், நம்ம பேச்சு, நம்ம தெரு, நம்ம முகங்கள். கித்தேரி முத்து, சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று நாம் திண்ணையில் கேட்ட பெயர்கள் எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தன. சந்தோஷம். ஆனால் அந்தப் படத்தில் நீங்கள் எல்லோரும் யாருக்குக் கை தட்டினீர்கள்? டான்சிங் ரோஸுக்கு! ஆடி, குனிந்து, கையைத் தொங்கப் போட்டு வித்தை காட்டினானே, அவனுக்கு. அந்தச் சண்டை நிஜமா? ஒவ்வொரு குத்தும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, யார் எப்போது விழுவது என்று எழுதிவைத்து எடுத்தது. அந்தப் பொய்ச் சண்டையைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு வந்து, எனக்கு நிஜச் சண்டை வேண்டும் என்கிறீர்கள். பொய்ச் சண்டை பார்க்கிறான் என்று என்னைக் கேலி செய்கிறீர்கள்.

ஆகவே என் கேள்வி இதுதான். எதை நிஜமாக்க வேண்டும் என்கிறீர்கள்? அவர்களுடைய பிடி நிஜம், மூச்சு நிஜம், தூக்கும் பாரம் நிஜம், பத்து வருடப் பயிற்சி நிஜம், வியர்வை நிஜம். பாக்கி இருப்பது ஒன்றே ஒன்றுதான்: எதிராளியின் மண்டையை உடைக்க வேண்டும் என்ற எண்ணம். அது இல்லை என்பதுதான் உங்கள் குறையா?

அது இருந்த சண்டையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியண்ணனுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். துறைமுகத்தில் மூட்டை வேலை, சாயந்தரம் மணலில் ஓட்டம், நண்டு சூப்பு, பச்சை முட்டை. சாண்டோ பனியனோடு அவர் தெருவில் நடந்தால் சின்னப் பசங்கள் பின்னாலேயே போவார்கள். (சாண்டோ என்பவர் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நம் நாட்டுக்கு வந்து போன ஜெர்மன் பயில்வான். வந்தவர் போய்விட்டார், பனியன் மட்டும் தங்கிவிட்டது.) அண்ணன் எந்தப் பரம்பரை என்று எழுத மாட்டேன். எழுதினால் விவாதம் அந்தப் பக்கம் போய்விடும்.

1979இல் ஒரு ராத்திரி. ஆறு ரவுண்டு. நாலாவது ரவுண்டில் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு குத்து. அண்ணன் முழங்கால் மடங்கியது. ரெஃப்ரி எட்டு எண்ணும்போது எழுந்தார். எழுந்தவர் என்னைத்தான் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் கயிறைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "எழுந்துட்டல்ல, போண்ணே, மானம் போவுது, போ!" அவருடைய வாத்தியார் தோளில் துண்டு கிடந்தது. அதைத் தூக்கி உள்ளே போட்டால் சண்டை முடிந்தது. அவர் அந்தத் துண்டால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு ரவுண்டு. பாயின்டில் தோற்றார். "கடைசி வரைக்கும் நின்னான்யா, இவன்தான் ஆம்பள" என்று மாலை போட்டார்கள். 300 ரூபாய் கையில் வந்தது. ராத்திரி முழுக்க வாந்தி. அண்ணி மோர் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் நிற்கவில்லை. விடிந்ததும் அண்ணன் வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம், 1980இல், முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அண்ணன் என்னைக் கூட்டிப்போனார். காட்சிப் போட்டி என்றால் என்ன? நிஜமாக அடிப்பதில்லை. அலி ஆடினார், சிரித்தார், அடி வாங்கினதுபோல் தள்ளாடினார். ஸ்டேடியம் கூத்தாடியது. அதைப் பொய்ச் சண்டை என்று மெட்ராஸில் ஒருவர்கூடச் சொன்னதாக நினைவில்லை. அலியே இந்த வாய்ச்சவடால் வித்தையை 1961இல் சந்தித்த கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்தக்காரரிடமிருந்து கற்றதாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். நான்கே வருடத்தில், 1984இல், அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வெறும் குத்தினால்தான் வந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் குத்துச்சண்டைக்காரர்களின் மூளைக்கு என்ன ஆகிறது என்று மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928லேயே எழுதி வைத்திருக்கிறார். கை நடுங்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும், நினைவு போகும். நமக்கு அதை யாரும் படித்துச் சொல்லவில்லை.

அண்ணனுக்கு 42 வயதில் டீ தம்ளர் ஆடியது. குடிப்பழக்கம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். குடிக்காதவருக்கு அந்தப் பேர். 1994இல் ஒரு நாள் தண்டையார்பேட்டையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நின்றுவிட்டார். 20 வருடம் நடந்த வழி. அரசு ஆஸ்பத்திரி நரம்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இவர் பாக்ஸிங் ஆடினவரா?" கடைசி இரண்டு வருடம் அண்ணி ஊட்டிவிட்டார்கள். ஊட்டும்போது சில சமயம் அவர் இடது கை தானாகத் தாடைக்கு முன்னால் உயரும், தடுப்பதற்காக. 1999இல் போய்விட்டார். 51 வயது.

இதைத்தான் 'நிஜம்' என்கிறீர்கள். இருக்கட்டும், நிஜம்தான்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கூட்டாளி ஒருவர், முன்னாள் ரயில்வே, நிறையப் படிப்பவர், "அந்தப் பொய்ச் சண்டையிலயும் ஆளுங்க செத்துருக்காங்கய்யா" என்றார். உண்மை. 1987 ஆகஸ்டில் கிரேட் யார்மவுத் ஊரில் பிக் டாடி என்ற பெருத்த உடம்புக்காரர், பேசிவைத்தபடி மேலே விழுந்த பிறகு, மால் கிர்க் எழவே இல்லை. இதயக் கோளாறு உள்ள உடம்பு. கிர்க்குக்கும் கோதாப் பெயர் கிங்காங் என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. 2020இல் அந்த நாட்டு மல்யுத்தப் பெண்கள் பலர், தங்களுக்கு நடந்த அத்துமீறல்களை வெளியே சொன்னார்கள், சில குழுக்களே ஆட்டம் கண்டன. புனிதமான இடம் என்று நான் சொல்லவில்லை. கழுத்தும் முழங்காலும் போனவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே ஒருவனுக்கு அடிபட்டால் அது தவறு, வேலை பிசகிவிட்டது என்று அர்த்தம். நம் கோதாவில் அடிபட்டால் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தம். இந்த வித்தியாசம் சின்னதா?

"நிஜமா மோதவுட்டா தெரிஞ்சிடும்" என்று இன்னொருவர். அதையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. 1976 ஜூனில் டோக்கியோவில் அலியும் ஜப்பான் மல்யுத்தக்காரர் இனோகியும் மோதினார்கள். 15 ரவுண்டில் பெரும்பாலான நேரம் இனோகி தரையில் மல்லாந்து கிடந்து அலியின் காலை உதைத்துக்கொண்டிருந்தார். முடிவு சமம். ஜனங்கள் குப்பையை வீசினார்கள். அலியின் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது.

குத்துச்சண்டையே வேண்டாம் என்று நான் சொல்வதாகப் பரப்ப வேண்டாம். அது நம் ஊரின் கலை. கப்பல்காரனும் சோல்ஜரும் கொண்டுவந்ததை நாம் நம்முடையதாக்கிக்கொண்டோம். 1982இல் கொரியாவின் கிம் டுக்-கூ அடிபட்டு இறந்த பிறகு உலக கவுன்சிலே 15 ரவுண்டை 12 ஆகக் குறைத்தது. உலகம் குறைத்துக்கொண்டு வரும்போது நாம் மட்டும் 'பழைய மாதிரி' என்று ஏன் போக வேண்டும்? பையன்கள் இறங்கட்டும், எடை பார்த்து ஜோடி சேருங்கள். இறங்கும் முன்னால் தலையை ஸ்கேன் எடுங்கள், அந்தச் செலவுக்கு வேண்டுமானால் நான் 5,000 இல்லை, 10,000 தருகிறேன். டாக்டர் கோதாவுக்குப் பக்கத்தில் உட்காரட்டும், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கட்டும். கண் நிலைகுத்தியவனை எண்ணிக்கொண்டு நிற்காமல், நிறுத்துகிற ரெஃப்ரி வேண்டும். வாத்தியார்கள் துண்டை எதற்குத் தோளில் போட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும். இவ்வளவும் சொன்னேன். நால்வரில் இளையவர், "அப்புறம் அதுல இன்னா அண்ணே ரோஷம் இருக்கும்?" என்றார்.

அவருக்கு என் பேரன் வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவனை இறக்கப் போகிறாரா என்று கேட்டேன். அவன் இன்ஜினீயரிங் படிக்கிறானாம்.

நேற்று அண்ணியைப் பார்க்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தேன். 74 வயது, கண் கொஞ்சம் மங்கல், காது நன்றாகக் கேட்கும். அவர்களிடமும் நால்வரும் போயிருக்கிறார்கள், சால்வை போர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு பேரன் போனில் அந்த ஒல்லிப் பையன் சண்டையைக் காட்டினேன். போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். சண்டை முடிந்து இரண்டு பேரும் கைகுலுக்கி, தடியன் ஒல்லியின் பிடரியைத் தடவி ஏதோ கேட்கிறான், ஒல்லி தலையாட்டுகிறான்.

"இன்னா கேக்குறான்?" என்றார்கள் அண்ணி.

"அடி பட்டுச்சான்னு கேக்குறான் போல."

அண்ணி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் டீ போட்டார்கள்.

போட்டோ என் பீரோவில் இருக்கிறது. பேனருக்குத் தர மாட்டேன்.